மண்ணா, மழையா, கத்தரியா? கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சை

அப்டன் பார்க் நிலையத்தில் இறங்கி கிரீன் ஸ்ட்ரீட் வழியாக குவீன்ஸ் மார்க்கெட் பக்கம் நடந்தால், மார்ச் தொடங்கி மே வரை பழக்கடைகளில் இந்தியத் திராட்சை கிடைக்கும். நாசிக்கிலும் சாங்கிலியிலும் விளைந்து, குளிரூட்டிய கண்டெய்னரில் கடல் கடந்து வந்த விதையில்லாப் பச்சைத் திராட்சை அது. தேனி மாவட்டக் கம்பம் பள்ளத்தாக்கின் கருந்திராட்சையை, பன்னீர் திராட்சையை, அங்கே எதிர்பார்க்க முடியாது. அதன் தோல் மெல்லியது, உள்ளே விதை உண்டு, கொத்தைத் தூக்கி உதறினால் நாலு பழமாவது உதிரும். மதுரையிலிருந்து சென்னை போய்ச் சேர்வதற்குள்ளேயே வாடத் தொடங்குகிற பழம் வாரக்கணக்கில் கப்பலில் தாங்காது. ஆண்டு முழுவதும் திராட்சை காய்க்கும் ஒரு பள்ளத்தாக்கு தமிழ்நாட்டில் இருந்தும், அந்தப் பழம் ஏற்றுமதிக் கப்பலிலும் ஏறவில்லை, பெயர் சொல்லும்படியான ஒயினாகவும் மாறவில்லை. இதற்குக் காரணம் மண் என்பார் சிலர், வெயில் என்பார் சிலர். கேள்வியை முழுதாக எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் பழத்தின் பூர்வீகம். கம்பத்தில் பன்னீர் என்று விற்கும் திராட்சைக்குத் தோட்டக்கலை நூல்களில் மஸ்கட் ஹாம்பர்க் என்று பெயர். அதன் தாய்வழி இரகம் பிளாக் ஹாம்பர்க். அந்த இரகத்தின் பேர்போன கொடி ஒன்று அப்டன் பார்க்கிலிருந்து சில மைல் தொலைவில், இல்ஃபோர்டின் வாலன்டைன்ஸ் மாளிகைத் தோட்டத்தில், 1758இல் நடப்பட்டது. பத்து ஆண்டு கழித்து அதிலிருந்து வெட்டிய ஒரு போத்தை, கேப்பபிலிட்டி பிரவுன் என்று பட்டப்பெயர் பெற்ற தோட்டக்கலைஞர் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் ஊன்றினார். இல்ஃபோர்டின் தாய்க்கொடி பட்டுப்போய்விட்டது. ஹாம்ப்டன் கோர்ட் கொடி கண்ணாடிக் கூரைக்குள் இன்றும் காய்க்கிறது. 2001இல் அந்த ஒரே கொடி 383 கிலோ கொடுத்தது. செப்டம்பரில் அந்தப் பழத்தை அரண்மனைக் கடையில் யாரும் வாங்கலாம்.

பிளாக் ஹாம்பர்க்கோடு அலெக்சாந்திரியா மஸ்கட்டைக் கலப்புச் செய்து புது நாற்று எடுத்தவர் சீவர்ட் ஸ்னோ, டி கிரே பிரபுவின் தோட்டக்காரர். பிரபுவின் மாளிகை லண்டனுக்கு வடக்கே பெட்ஃபோர்டுஷயரில் உள்ள ரெஸ்ட் பார்க். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் நடந்த இந்தக் கலப்பு பற்றி 1858இல் சயன்டிஃபிக் அமெரிக்கன் இதழ் எழுதியது. மரபணுச் சோதனையும் பிற்காலத்தில் அதே பெற்றோரைத்தான் காட்டியது. பிரபுக்களின் விருந்து மேசைக்காக, நிலக்கரி எரித்துச் சூடேற்றிய கண்ணாடி வீட்டில் வளர்த்த பழம் இது. அழகும் மணமும்தான் ஸ்னோவுக்குத் தேவைப்பட்டன. பெட்டியில் அடுக்கி நூறு மைல் அனுப்புவதோ பீப்பாயில் ஊற்றிப் பழக்குவதோ அவர் கணக்கில் இல்லை. கம்பத்தின் இன்றைய சிக்கல்கள் பலவற்றுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

பன்னீர் திராட்சையை 1832இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார் என்று நாளிதழ்கள் வழக்கமாக எழுதுகின்றன. 2023இல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோதும் இதே செய்திதான் வலம் வந்தது. ஸ்னோவின் கலப்பினம் அதற்குப் பல ஆண்டுகள் பிந்தியது என்பதால் கணக்கு உதைக்கிறது. 1832ஐ ஒட்டிக் கிறித்தவ மிஷனரிகள் சேலம், மதுரை மாவட்டங்களுக்குத் திராட்சையைக் கொண்டுவந்தார்கள் என்பதே தோட்டக்கலை வரலாற்றில் உள்ள செய்தி. அது வேறு ஏதோ இரகமாகத்தான் இருந்திருக்க வேண்டும். மஸ்கட் ஹாம்பர்க் பிறகு அதே வழியில் வந்து சேர்ந்திருக்கும். பூசைக்கு ஒயின் வேண்டும் என்பதற்காகப் பாதிரிமார் போகுமிடமெல்லாம் கொடி நட்டது உலகெங்கும் நடந்ததுதான். ஆக, திராட்சை தமிழ் நிலத்துக்குள் வந்ததே ஒயின் நினைப்போடுதான். உண்ணும் பழமாக அது ஆனது பிற்பாடு.

இனிப் பள்ளத்தாக்கு. மேற்கே கேரள எல்லையில் ஏலமலை, கிழக்கே மேகமலையும் வருசநாட்டு மலையும். இரண்டுக்கும் நடுவில் கடல்மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர் உயரத்தில் நீண்டு கிடக்கிற சமவெளி. கூடலூர், கம்பம், சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, ராயப்பன்பட்டி, ஆனைமலையன்பட்டி, சின்ன ஓவுலாபுரம் என்று பந்தல் ஊர்கள் வரிசையாக வரும். தமிழ்நாட்டில் விளையும் பன்னீர் திராட்சையில் ஏறக்குறைய 85 சதவீதம் இந்த வட்டாரத்துடையது. ஓடைப்பட்டிப் பக்கம் போனால் விதையில்லாத் திராட்சையும் உண்டு. தென்மேற்குப் பருவமழை குமுளி மலைக்கு அந்தப் பக்கமே கொட்டித் தீர்த்துவிடுகிறது. இந்தப் பக்கம் வருவது சாரலும் காற்றும்தான். பெருமழை அக்டோபரிலும் நவம்பரிலும் வடகிழக்குப் பருவத்தில் வருகிறது.

மழை மறைவில் கிடக்கும் இந்த நிலத்தைப் பச்சையாக்கியது 1895இல் முடிந்த பெரியாறு அணை. மேற்கே ஓட வேண்டிய நீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிய பென்னிகுவிக் பெயரில் இப்பகுதி மக்கள் பொங்கல் வைக்கிறார்கள். அவர் வாழ்ந்து மறைந்த கேம்பர்லி லண்டனுக்குத் தென்மேற்கே சர்ரே மாவட்டத்தில் இருக்கிறது. 2022இல் தமிழ்நாடு அரசு அங்கே அவருக்குச் சிலை வைத்தது. அணை நீரில் 14,707 ஏக்கர் இருபோக நெல் விளைகிறது என்பது ஊரில் எல்லோருக்கும் மனப்பாடம். நெல்வயல் தாழ்வில் கிடக்க, திராட்சைப் பந்தல் மேட்டில் நிற்கும். வாய்க்காலும் கிணறும் சேர்ந்துதான் அதைக் காக்கின்றன.

மண்ணைப் பற்றி ஒயின் எழுத்தாளர்கள் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். ஷாம்பேனின் சுண்ணப் பாறையே இங்கிலாந்தின் தெற்கு டவுன்ஸ், வடக்கு டவுன்ஸ் குன்றுகளிலும் தொடர்கிறது, ஆகவே அங்கே நுரை ஒயின் பிறக்கிறது என்பது சொல்லிச் சொல்லித் தேய்ந்த கதை. பிரெஞ்சு நிறுவனமான டெட்டாஞ்சே 2015இல் கென்ட்டில் நிலம் வாங்கியபோது இந்தக் கதைக்கு இன்னும் மவுசு கூடியது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரையோ நேர்மாறாக இருக்கிறது: நல்ல வடிகால் உள்ள வளமான இருபொறை மண், கார அமில நிலை 6.5 முதல் 7 வரை, சுண்ணாம்பு இருக்கக் கூடாது. கம்பத்தில் பெரும்பாலும் இருப்பது மணல் கலந்த செம்மண்; ஆற்றோரம் வண்டல். சுண்ணாம்பு மேல் சர்ரேயில் காய்க்கிறது, சுண்ணாம்பு இல்லாமல் சுருளிப்பட்டியில் காய்க்கிறது. யாழ்ப்பாணத்திலோ சுண்ணக்கல் பாறை மேல் படிந்த செம்மண்ணில், கிணற்று நீரை இறைத்தே இஸ்ரேல் புளூ இரகத்தைப் பந்தலில் ஏற்றியிருக்கிறார்கள்.

அப்டன் பார்க்கிலிருந்து கிழக்கே ஒரு மணி நேரம் காரில் போனால் எசெக்ஸின் குரவுச் பள்ளத்தாக்கு வரும். பர்லியில் நியூ ஹால் தோட்டத்தார் 1969இலேயே கொடி நட்டார்கள். அங்கே சுண்ணாம்புப் பாறை கிடையாது. லண்டன் களிமண் என்கிற கனத்த, மழையில் பிசுபிசுக்கும், கோடையில் வெடிக்கும் மண்தான். திராட்சைக்கு ஆகாத மண் என்று பாடப்புத்தகம் தள்ளிவைக்கும் அந்த மண்ணில்தான், இங்கிலாந்தின் மிக நன்றாகப் பழுத்த ஷார்டொனேவும் பினோ நுவாரும் இன்று கிடைக்கின்றன என்று ஒயின் தயாரிப்பவர்களே போட்டி போட்டு வாங்குகிறார்கள். நாட்டிலேயே மழை குறைந்த பகுதி எசெக்ஸ், வெயில் அதிகம், பக்கத்தில் கழிமுக நீர் இருப்பதால் வசந்தத்துப் பனியின் கடுமையும் குறைகிறது. மண்ணுக்குப் போகும் புகழில் பாதி வானத்துக்குப் போக வேண்டியது என்பது என் எண்ணம். மண் செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான்: வேர் அழுகாமல் நீரை வடியவிட வேண்டும். மற்றதைத் தொழுவுரமும் ஆட்டுக்கிடையும் ஒட்டுக் கட்டும் வேர்க்குச்சியும் ஈடுகட்டிவிடும்.

வானம் என்று வரும்போது கம்பத்தின் விசேஷம் தெரிகிறது. எசெக்ஸ் கொடி நவம்பரில் இலையுதிர்த்து உறங்கி, ஏப்ரலில் விழித்து, அக்டோபரில் ஒரே ஒரு முறை பழம் தரும். விழித்த தளிரை மே மாதப் பனி கருக்கினால் அந்த ஆண்டின் பாதி போச்சு. அதற்குப் பயந்து விடிய விடிய வரிசைகளுக்கிடையே மெழுகு வாளிகளைக் கொளுத்தி வைத்துக் காவல் இருக்கிறார்கள். பூமத்திய ரேகைக்கு வடக்கே 10 பாகைக்கும் குறைவான தூரத்தில் இருக்கும் கம்பத்துக் கொடிக்கு உறக்கம் என்பதே இல்லை. குளிர் வந்து உறங்கவைக்காது, பகல்நேர நீளமும் பெரிதாக மாறாது. சும்மா விட்டால் கொடி நுனியில் மட்டும் தளிர்த்து, பந்தல் முழுக்க இலையாக ஓடிக்கொண்டே இருக்கும். அதை நிறுத்திக் காய்க்க வைப்பது கவாத்துக் கத்தரி.

கவாத்து நாளில் பந்தலைப் பார்க்க வேண்டும். கல்தூண்களின் மேல் தலைக்கு எட்டும் உயரத்தில் கம்பி வலை. அதன் கீழே ஆட்கள் அண்ணாந்தபடியே நகர்ந்து, முதிர்ந்த பழுப்புக் குச்சி ஒவ்வொன்றிலும் அடியிலிருந்து நாலு மொட்டு எண்ணி, அதற்கு மேல் வெட்டித் தள்ளுகிறார்கள். பன்னீருக்கு நாலு மொட்டு, விதையில்லாத் தாம்சனுக்கு இரண்டு, மெலிந்த குச்சி என்றால் ஒன்றோ இரண்டோ என்பது பல்கலைக்கழகப் பரிந்துரை. அனுபவப்பட்ட கைக்கு எண்ண வேண்டியதே இல்லை. குச்சியின் தடிப்பைத் தொட்டாலே தெரியும். மாலைக்குள் பச்சைக் கூரை போய் வெயில் நேராகத் தரையில் விழும். வெட்டிய முனையிலிருந்து சொட்டுச் சொட்டாக நீர் வடியும். பத்துப் பன்னிரண்டு நாளில் மொட்டு வெடிக்கும், தளிரோடு சேர்ந்தே பூங்கொத்தும் தலைகாட்டும். கத்தரி பட்ட நாளிலிருந்து சுமார் நாலு மாதத்தில் அறுவடை. இப்படி ஆண்டுக்கு இரண்டு போகம் உறுதி. நெருக்கிப் பிடித்தால் இரண்டு ஆண்டில் ஐந்து. ஒரு தோட்டத்தில் கவாத்து, அடுத்ததில் பூ, அதற்கடுத்ததில் பெட்டி ஏற்றம் என்று ஒரே நாளில் நாலு பருவத்தையும் இந்தப் பள்ளத்தாக்கில் பார்த்துவிடலாம்.

ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 30 டன் பன்னீர் எடுக்கலாம் என்கிறது பல்கலைக்கழகம். இங்கிலாந்தில் நல்ல ஆண்டிலேயே பெரும்பாலான தோட்டங்கள் 10 டன்னுக்குக் கீழேதான் நிற்கும். ஆனால் அறுவடை எந்த மாதம் என்பதை விவசாயி தீர்மானிக்கலாமே தவிர, அந்த மாதம் மழை வருமா என்பதை அவர் தீர்மானிக்க முடியாது. வடகிழக்குப் பருவத்தில் பூத்த கொடியில் செவட்டை நோய் இறங்கும். இலையடியில் வெண்பூச்சு பரவி ஒரு வாரத்தில் தோட்டம் தீய்ந்தது போலாகும். பழுக்கும் நேரத்தில் மழை அடித்தால் தோல் வெடித்து, கொத்து முழுக்கப் புளித்த வாடை. மழை ஓய்ந்தால் சாம்பல் நோய் வந்து உட்காரும். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவைதான் இன்றுவரை கைகொடுக்கும் மருந்து. பிரான்சின் போர்டோவில் வழிப்போக்கர் பழத்தைப் பறிக்காமல் இருக்கச் சாலையோரக் கொடிகளில் இந்த நீலக் கலவையைப் பூசினார்கள்; பூசிய கொடிகளுக்கு மட்டும் நோய் வரவில்லை என்பதைக் கவனித்த மில்லார்டே 1885இல் அதை வெளியிட்டார். திருட்டுக்குப் போட்ட பூட்டு நோய்க்கும் சேர்த்துப் பூட்டாகிவிட்டது.

இன்னொரு இடி சந்தையிலிருந்து வருகிறது. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை மகாராஷ்டிரத்தின் விதையில்லாத் திராட்சை லாரி லாரியாகத் தெற்கே இறங்குகிறது. பல்லில் விதை கடிபடாத பழம் பக்கத்துத் தட்டில் இருந்தால் பன்னீரின் விலை சரிகிறது. அந்த மாதங்களில் பறிப்புக் கூலிக்கே கட்டவில்லை என்று கொடியிலேயே விட்டுவிடும் தோட்டங்கள் உண்டு. ஆனைமலையன்பட்டியில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. உப்பு நீரையும் நூற்புழுவையும் தாங்கும் டாக்ரிட்ஜ் வேர்க்குச்சியில் ஒட்டுக் கட்டும் முறை அண்மைக் காலத்தில் பரவியிருக்கிறது. விளைச்சல் பக்கம் அறிவியல் தன் வேலையைச் செய்கிறது. விலை பக்கம் யாரும் செய்யவில்லை.

அப்படியானால் ஒயின்? இந்தக் கேள்விக்கு வழக்கமாக இரண்டு மறுப்புகள் வரும். முதலாவது, குளிர்காலம் இல்லாத இடத்தில் ஒயின் திராட்சை வராது என்பது. பிரேசிலின் வடகிழக்கில் சாவோ ஃபிரான்சிஸ்கோ ஆற்றுப் பள்ளத்தாக்கு பூமத்திய ரேகைக்குத் தெற்கே 8, 9 பாகையில் இருக்கிறது. கம்பத்தைக் கண்ணாடியில் காட்டினால் ஏறக்குறைய அந்த இடத்தில்தான் விழும். அங்கும் அணை நீர், அங்கும் உறங்காத கொடி, அங்கும் கத்தரியை வைத்தே நாள் குறிக்கிறார்கள். ஆண்டுக்கு இரண்டு அறுவடை எடுத்து, பெரும்பாலும் இனிப்பான மஸ்கட் நுரை ஒயினாக விற்கிறார்கள். அந்த ஒயினுக்கு 2022இல் பிரேசிலின் புவிசார் குறியீடும் கிடைத்தது. அங்கே இருந்து கம்பத்தில் இல்லாத ஒன்று வறட்சி. அது அரைப்பாலை நிலம். அக்டோபர் பெருமழை அவர்களுக்குக் கிடையாது.

இரண்டாவது மறுப்பு பன்னீர் இரகத்தின் மேல். உண்ணும் பழம், ஒயினுக்கு ஆகாது. இதில் பாதி உண்மை. ஒயினுக்குப் பிழியும் சாற்றில் சர்க்கரை பொதுவாக 20 பிரிக்ஸுக்கு மேல் வேண்டும். 30 டன் சுமக்கும் கொடியில் மேசைக்குப் பறிக்கும் பன்னீர் பெரும்பாலும் அதை எட்டுவதில்லை. தோலில் நிறமும் துவர்ப்பும் குறைவு, ஆகவே ஆண்டுக்கணக்கில் பழக்கி வைக்கும் சிவப்பு ஒயினை இதில் எதிர்பார்ப்பது வீண். ஆனால் இதே இரகத்திலிருந்துதான் சீனாவின் தியன்ஜினில் டைனஸ்டி நிறுவனம் 1980களில் வெள்ளை ஒயின் எடுத்துப் பேர் வாங்கியது. கிரேக்கத்தின் தீர்னாவோஸில் சிபூரோ என்னும் சாராயத்துக்கு இதுவே மூலப்பொருள். கலிஃபோர்னியாவில் குவேடி என்ற ஆலை இதைக் கொண்டு எலீசியம் என்ற இனிப்பு ஒயின் செய்கிறது. ரோஜாவில் மணக்கும் ஜெரானியாலும் லினலூலும் இந்தப் பழத்தில் தாராளமாக இருப்பதால், இளசாக, இனிப்பாக, குளிர வைத்துக் குடிக்கும் ஒயினுக்கு இது பொருந்துகிறது.

நம் பக்கத்திலும் முன்மாதிரி இல்லாமலில்லை. யாழ்ப்பாணம் கொழும்புத்துறை வீதியில் செபமாலைக் கன்னியர் மடத்தார் பட்டை, கிராம்பு போட்டு விற்கும் ரொசெற்றோவை ஈஸ்ட் ஹாமில் இருக்கும் யாழ்ப்பாணத்தவரிடம் கேட்டால் தெரியும். கேரளத்தில் கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வீடு பரணியில் கருந்திராட்சையும் சர்க்கரையும் போட்டு வாய் கட்டி வைப்பார்கள். மலையேறிக் குமுளி வழியாகப் போகிற கம்பத்துப் பழம் பல பரணிகளில் விழுகிறது. 2019 கிறிஸ்துமஸுக்கு முன் கேரளக் கலால் துறை இது குற்றம் என்று எச்சரித்தது. பரணிகள் காலியானதாகத் தெரியவில்லை. கம்பத்துப் பழத்தின் ஒயின் வரலாறு இப்போதைக்குக் கணக்கில் வராத இந்தப் பரணிகளில்தான் இருக்கிறது. தேனி மாவட்டத்தில் முறையான ஆலை முயற்சியும் நடந்தது. ஆனால் 2003 முதல் தமிழ்நாட்டில் சில்லறை மது விற்பனை முழுதும் டாஸ்மாக் கையில். பிராந்திக்கும் பீருக்கும் நடுவே ஓர் ஓரத்தில் நிற்கும் புட்டிக்கு, தோட்டத்து வாசலிலேயே விற்றுப் பேர் வளர்க்கும் எசெக்ஸ் தோட்டக்காரரின் வசதி கிடையாது. நாசிக் வளர்ந்ததற்கு 2001இல் மகாராஷ்டிரம் போட்ட ஒயின் கொள்கையும், ஆலைக்கே வந்து சுவைத்து வாங்கலாம் என்ற ஏற்பாடும் பெருங்காரணம்.

எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் வழி ஒன்று தெரிகிறது. டிசம்பர் கடைசியிலோ சனவரியிலோ கவாத்து செய்த பன்னீர், ஆண்டிலேயே மழை குறைந்த மாதங்களில் பூத்துக் காய்த்து ஏப்ரலிலும் மேயிலும் பழுக்கிறது. நோய் குறைவு, மருந்துச் செலவு குறைவு, வெயிலில் சர்க்கரை ஏறும். மகாராஷ்டிரத்துப் பழத்தோடு மோதிச் சந்தையில் அடிமாட்டு விலைக்குப் போவதும் இந்தப் போகத்தின் ஏப்ரல் பழம்தான். ஒயினுக்கு ஏற்ற பழமும், விற்க முடியாத பழமும் ஒரே அறுவடையாக இருக்கிறது. கொத்துகளில் பாதியைப் பிஞ்சிலேயே கிள்ளிச் சுமையைக் குறைத்தால் சர்க்கரை இன்னும் கூடும். மற்றப் போகங்களை எப்போதும் போல் தட்டுக்கும் கேரளத்துக்கும் அனுப்பிக்கொள்ளலாம். ஆலை சிறிதாக இருந்தாலும் போதும். எசெக்ஸைப் போல அக்டோபர் ஒரு மாதத்துக்காக வாங்கிய தொட்டிகள் பல மாதம் காய்ந்து கிடக்க வேண்டியதில்லை, ஆகஸ்டு போகத்தில் அதே தொட்டியில் பழச்சாறு பிடிக்கலாம். கொடியும் நீரும் கத்தரி பிடிக்கத் தெரிந்த கையும் அங்கே இருக்கின்றன. வர வேண்டியது கோட்டையிலிருந்து ஓர் உரிமக் கொள்கை.